மாடு சினை நிக்கலையா? மலடுன்னு விக்கிறதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பாருங்க!

சினை ஊசி போட்டாச்சு. இந்தத் தடவை நின்னுடும்னு நம்பி இருந்தா, சரியா மூணு வாரத்தில் மாடு மறுபடியும் கத்துது. இன்னொரு ஊசி. மறுபடியும் மூணு வாரம். மறுபடியும் கத்தல். நாலாவது தடவையும் இப்படி ஆனதும் வீட்டில் பேச்சு மாறிவிடும். ‘இது மலட்டு மாடு, வித்துத் தள்ளு’ என்பார்கள். அடுத்த வாரம் வியாபாரி வாசலில் நிற்பார்.

கறவை மாட்டுக்கு ஒரு விலை. சினை மாட்டுக்கு ஒரு விலை. சினை நிக்காத மாட்டுக்கு அடிமாட்டு விலைதான். கடன் வாங்கி மாடு பிடித்த குடும்பத்துக்கு இது தலையில் விழுந்த இடி.

ஆனால் இப்படி விக்கப்படும் மாடுகள் எல்லாமே மலடு கிடையாது. கர்ப்பப்பையும் நல்லா இருக்கும், சினைப்பையும் நல்லா இருக்கும். பல மாடுகளில் தப்பு எங்கே என்றால், ஊசி போட்ட நேரத்தில்! அரை நாள் முன்னே பின்னே போனால் போதும், ஊசி வீண்.

25 நாள்தான் டைம்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பசு மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா 365-ல் 280-ஐக் கழிக்கணும். மிச்சம் 85 நாள்.

கன்னு போட்ட பிறகு கர்ப்பப்பை சுருங்கி பழைய நிலைக்கு வர 40 முதல் 45 நாள் ஆகும். அதனால் 60 நாள் கழித்து ஊசி போடுவதுதான் நல்லது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான யோசனை. 85-ல் 60 போனால் 25. அதாவது வருஷத்துக்கு ஒரு கன்னு கணக்கு தப்பாமல் இருக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு, மிஞ்சினால் ரெண்டு!

அதைத் தவற விட்டால் என்ன நஷ்டம்? ஒரு மாட்டுக்கு தீவனச் செலவு நாளைக்கு 150 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு பருவம் தப்பினால் 21 நாள், 3,150 ரூபாய். நாலு தடவை தப்பினால் 12,600 ரூபாய். பால் வத்தின மாடாக இருந்தால் இத்தனையும் கையை விட்டுத்தான் போகும்.

அது என்ன 21 நாள்?

மாட்டின் வயித்துக்குள் ஒரு காலண்டர் ஓடுகிறது. சினைப்பையில் ஒரு கொப்புளம் வளரும். அதற்குள் கருமுட்டை இருக்கும். கொப்புளம் பெரிசாகும்போது அதில் சுரக்கும் ஹார்மோன்தான் மாட்டைப் பருவத்துக்குக் கொண்டு வருகிறது. மாடு கத்துவதும், அலைவதும் அதனால்தான்.

கொப்புளம் உடைந்து முட்டை வெளியே வந்ததும் அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உருவாகும். இதன் வேலை, கர்ப்பப்பையைக் கருவுக்குத் தயார் பண்ணி வைப்பது. சினை நின்றால் இந்தக் கட்டி அப்படியே இருக்கும். நிக்கலைன்னா 17 நாள் வாக்கில் கரைய ஆரம்பிக்கும். அது கரைந்ததும் அடுத்த கொப்புளம் பெரிசாகும். 21-வது நாள் மறுபடியும் பருவம். 18 நாளிலும் வரலாம், 24 நாளிலும் வரலாம். எல்லாம் சகஜம்தான்.

முட்டைக்கு ஆயுசு அரை நாள்!

இங்கேதான் விஷயமே இருக்கு. பருவம் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். வெயில் காலத்திலும், நாட்டு மாடுகளிலும் இன்னும் குறையும். பலரும் நினைப்பது போல, மாடு கத்திக்கொண்டு இருக்கும்போது முட்டை வெளியே வருவது கிடையாது. கத்தல் எல்லாம் அடங்கி, 10 - 12 மணி நேரம் கழித்துத்தான் வரும்.

வெளியே வந்த முட்டை நல்ல நிலையில் இருப்பது 6 முதல் 12 மணி நேரம். காளையின் உயிரணு மாட்டின் உடம்புக்குள் சுமார் ஒரு நாள் தாங்கும். ஆனால் உள்ளே போனதும் அதனால் முட்டையைத் துளைக்க முடியாது. அதற்குத் தயாராகவே பல மணி நேரம் ஆகும்.

உதாரணத்துக்கு, காலை 6 மணிக்கு பருவம் ஆரம்பிக்குதுன்னு வச்சுக்குங்க. முட்டை வெளியே வருவது மறுநாள் காலை 10 மணி வாக்கில். மாடு கத்தின உடனே 8 மணிக்கு ஊசி போட்டால், முட்டை வரும்போது உயிரணுவுக்கு வயசு 26 மணி நேரம். பாதிக்கு மேல் செத்திருக்கும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’னு மறுநாள் சாயங்காலம் போட்டால், முட்டை கெட ஆரம்பித்திருக்கும். அதே நாள் சாயங்காலம் 6 மணிக்குப் போட்டால்? உயிரணு தயாராகிக் காத்திருக்கும். முட்டை வந்து சேரும். சினை பிடிக்கும்!

காலையில் கத்தினா சாயங்காலம்!

இதைச் சுருக்கித்தான் ‘காலையில் பருவம் தெரிந்தால் அன்றைக்கு சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை’ என்று ஒரு விதியைச் சொல்கிறார்கள். 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிரிம்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர் செய்த சோதனைகளில் இருந்து வந்த விதி இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1998-ல் அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு வெளியானது. 17 பண்ணைகளில் மாட்டின் முதுகில் சின்னக் கருவியை ஒட்டி, மத்த மாடு ஏறும் நேரத்தை நிமிஷக் கணக்கில் பதிவு செய்தார்கள். 2,661 சினை ஊசிகளைப் பார்த்ததில், பருவம் ஆரம்பித்து 4 முதல் 12 மணி நேரத்துக்குள் போட்டதுதான் அதிகம் பிடித்திருந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. மத்த மாடு ஏற நின்று கொடுக்கிற அந்தக் கட்டம் சராசரியாக 7 மணி நேரம்தான். அதற்குள் 8, 9 தடவைதான் ஏறுகிறது. ஒவ்வொன்றும் சில வினாடிதான்! கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

அப்போ 4 மணி நேரமா, 12 மணி நேரமா? குழம்ப வேண்டாம். கருவி இருந்தால் ஆரம்பித்த நிமிஷம் தெரியும். நமக்குக் கண்ணில் படும்போது பருவம் ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆச்சு என்பது தெரியாது. விடியக்காலையில் பார்த்தது ராத்திரியே ஆரம்பித்திருக்கலாம். அதனால் ‘முழுசா 12 மணி நேரம் ஆகட்டும்’னு கடிகாரத்தைப் பார்த்து இழுத்தடிக்காமல், அடுத்த வேளைக்குள் ஊசி போட்டுவிடுவது நல்லது.

ஒத்தை மாடு வச்சிருக்கீங்களா?

பத்து மாடு இருக்கிற பண்ணையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக் கொட்டகையில் கயித்தில் கட்டின ஒத்தை மாட்டுக்கு எப்படி? இந்த அறிகுறிகளைக் கவனியுங்க.

* காரணம் இல்லாமல் அடிக்கடி கத்தும். கயித்தை இழுத்துக்கொண்டு நிற்கும், படுக்காது.

* தீவனம் சரியா எடுக்காது. பால் திடீர்னு குறையும்.

* வாலைத் தூக்கித் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விடும்.

* பிறப்புறுப்பு தடித்து, உள்பக்கம் சிவந்து இருக்கும்.

* கண்ணாடி மாதிரி தெளிவான வழும்பு கயிறு போலத் தொங்கும். வாலிலும் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான அடையாளம். வழும்பு தெளிவா இருந்தால் நல்லது. பால் மாதிரி வெள்ளையாவோ, மஞ்சளாவோ, நாத்தத்தோடவோ வந்தால் கர்ப்பப்பையில் புண் இருக்குன்னு அர்த்தம். அப்போ ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை. முதலில் வைத்தியம் பாருங்க, அடுத்த பருவத்தில் ஊசி போடுங்க.

பருவ அறிகுறி ராத்திரியிலும் விடியக்காலையிலும்தான் அதிகமா தெரியும். நாம் தூங்கும் நேரம்! அதனால் படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எழுந்ததும் பால் கறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கொட்டகைக்குப் போய் வால் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்க. கத்தாமலேயே பருவம் வந்து போகிற மாடுகளும் உண்டு. எருமைகளில் இந்த ‘ஊமைப் பருவம்’ ரொம்ப அதிகம். எருமை வச்சிருப்பவர்கள் கத்தலை நம்பினால் மோசம் போவார்கள்.

ரத்தம் வந்தா பயப்படாதீங்க

ஊசி போட்ட ரெண்டாவது நாள் சில மாடுகளுக்கு லேசா ரத்தம் கசியும். ‘சினை கலைஞ்சு போச்சு’ன்னு பதறுவார்கள். ‘நிச்சயமா நிக்கலை’ன்னு முடிவு கட்டுவார்கள். ரெண்டும் தப்பு.

பருவம் முடிந்து 1 முதல் 3 நாளில் இப்படிக் கசிவது இயல்பு. சினை பிடித்ததா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு உபயோகம் உண்டு. நீங்கள் கவனிக்காமலேயே ரத்தம் கசிவதைப் பார்த்தால், ஒரு பருவம் தப்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றிலிருந்து 18, 19 நாளில் அடுத்தது வரும். காலண்டரில் குறித்து வையுங்க.

ஊசி போட்டதும் மாட்டைப் படுக்க விடாமல் நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லை. உள்ளே போடும் மருந்து கால் மில்லிதான். அதுவும் கர்ப்பப்பை வாயைத் தாண்டி உள்ளே விடப்படுகிறது. மாடு படுத்ததும் வெளியே வருவது வழும்புதான்.

மைசூரில் ஆரம்பித்த ஊசி

இந்தியாவில் செயற்கை முறை கருவூட்டல் முதலில் நடந்தது மைசூர் அரண்மனை பால் பண்ணையில். 1939-ல் சம்பத்குமாரன் இதைச் செய்தார். அப்போது விந்தைக் கெடாமல் ரொம்ப நாள் வைத்திருக்க வழி கிடையாது. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர், கிளிசரின் கலந்தால் உயிரணுவை உறைய வைத்தாலும் சாகாது என்று கண்டுபிடித்தார்கள். 1951-ல் உறைவிந்து மூலம் முதல் கன்னு பிறந்தது.

இன்றைக்கு மாட்டாஸ்பத்திரிக் கேனில் திரவ நைட்ரஜனுக்குள், மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் மெல்லிய குச்சிதான் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு. உறைய வைக்கும்போது ஒரு குச்சிக்குள் 2 கோடி உயிரணு இருக்கும். அதைக் கேனில் இருந்து எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷமாவது வைத்து உருக்க வேண்டும். வெயிலில் காட்டினாலும், உருக்கின பிறகு நேரம் கடத்தினாலும் உயிரணு செத்துவிடும். ஊசி போட வருபவருக்கு ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணி எடுத்துக் கொடுங்க.

போட்டு முடித்ததும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி வையுங்க. அதில் காளையின் எண் அச்சடிச்சிருக்கும். நாளைக்குப் பிறக்கும் கிடாரிக்கு அதே காளையின் ஊசியைப் போடாமல் தவிர்க்க அதுதான் சாட்சி.

கரு பிடித்தும் தங்காதது ஏன்?

எல்லாம் சரியாச் செய்தும் மாடு திரும்பப் பருவத்துக்கு வரலாம். இந்தியாவில் 100 ஊசி போட்டால் சினை நிற்பது சுமார் 35 தான். மிச்ச மாடுகளில் கருவே உருவாகலைன்னு நினைக்க வேண்டாம். பல மாடுகளில் கரு உருவாகி, முதல் மூணு வாரத்துக்குள் அழிந்துவிடுகிறது.

காரணம் சுவாரசியமானது. 16, 17 நாளில் கரு ஒரு நூல் மாதிரி நீளும். அப்போது அது ஒரு புரதத்தைச் சுரந்து, ‘நான் இங்கே இருக்கேன்’னு தாய்க்குத் தகவல் சொல்லும். தகவல் கிடைத்தால் மஞ்சள் கட்டி கரையாது, சினை தங்கும். கரு பலவீனமா இருந்து தகவல் போதலைன்னா, தாயின் உடம்பு ‘சினை இல்லை’ன்னு முடிவு பண்ணி அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

கருவைப் பலவீனமாக்குவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு. முதல் சில நாட்கள் ரொம்ப ஆபத்தானவை. தாயின் உடம்புச் சூடு ஏறினால் கரு தாங்காது. ஊசி போட்ட வாரம் மாட்டை வெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்டாதீங்க. நிழலில் கட்டி, தண்ணியை எப்போதும் பக்கத்தில் வையுங்க. கலப்பின மாடுகளுக்கு, அதிலும் எச்.எப். கலப்புக்கு, இது கட்டாயம்.

அடுத்தது தீனி. கன்னு போட்ட புதுசில் மாடு சாப்பிடுவதை விட அதிகமாகப் பாலில் கொடுத்துவிடும். உடம்பு இளைக்கும். உடம்பில் சத்து இல்லைன்னா சினைப்பை வேலையே செய்யாது. வெறும் வைக்கோலில் இதை ஈடு கட்ட முடியாது. பசுந்தீவனம், அடர் தீவனத்தோடு தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்க. குடல் புழு நீக்கத்தையும் மறக்காதீங்க.

மூணு ஊசி தாண்டினா...

சரியான நேரத்தில் மூணு ஊசி போட்டும் நிக்கலைன்னா நாலாவது ஊசி போடாதீங்க. டாக்டரிடம் காட்டுங்க. கர்ப்பப்பையில் மறைஞ்சிருக்கும் புண், சினைப்பையில் நீர்க்கட்டி, முட்டை தாமதமா வருவது என்று காரணம் பல இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு.

பிறவி மலடும் உண்டு. காளைக்கன்னோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சினைக்கு உதவாது. கிடாரி வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

சினை நின்று 6 மாசத்துக்கு மேல் கன்னு வீசினால் உஷார்! புரூசெல்லோசிஸ் என்ற கன்று வீச்சு நோயாக இருக்கலாம். மனுஷருக்கும் தொத்தும். விழுந்த கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீங்க. பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீங்க. 4 முதல் 8 மாச கிடாரிக் கன்னுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

பருவமே தெரியாத மாடுகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, குறிச்ச நாளில் முட்டையை வரவழைக்கும் முறையும் வந்துவிட்டது. 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்து வந்த முறை இது. ஆனால் இதில் போடும் ஒரு மருந்து, சினை மாட்டுக்குப் போட்டால் சினையைக் கலைத்துவிடும். அதனால் சினை பார்க்காமல் போடக்கூடாது. அந்த மருந்தைக் கர்ப்பிணிப் பெண்கள் கையாலும் தொடக்கூடாது. டாக்டர் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம்.

காளைக்கன்னு பிறந்தா யார் தப்பு?

‘இந்த மாடு காளைக்கன்னாவே போடுது’ன்னு மாட்டைத் திட்டுவார்கள். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. கிடாரியா, காளையா என்று முடிவு செய்வது காளையின் உயிரணுதான். கிடாரி பிறக்க வைக்கும் உயிரணுவில் மரபுப் பொருள் சுமார் 4 சதவீதம் அதிகம். இந்தச் சின்ன வித்தியாசத்தை லேசர் ஒளி மூலம் கண்டுபிடித்துப் பிரிப்பதுதான் ‘பாலினம் பிரித்த’ ஊசி. நாட்டில் இதைத் தயாரிக்கும் அரசு நிலையங்கள் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 100-ல் 90 கிடாரியா பிறக்கும்.

ஆனால் பிரிக்கும்போது உயிரணு அடிபடும். அதனால் சாதா ஊசியை விட சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. நல்ல ஆரோக்கியமான கிடாரிக்கோ, இளம் மாட்டுக்கோ போடுங்க. ஏற்கெனவே நிக்காத மாட்டுக்கு இதைப் போட்டு காசைத் தொலைக்காதீங்க.

காலண்டரில் ஒரு வட்டம்

கடைசியா ஒரு காசு செலவில்லாத வைத்தியம். கன்னு போட்ட தேதி, பருவம் வந்த தேதியும் வேளையும், ஊசி போட்ட தேதியும் வேளையும். இந்த மூணையும் கொட்டகைக் காலண்டரில் எழுதுங்க. ஊசி போட்ட நாளில் இருந்து 18-வது நாள் முதல் 24-வது நாள் வரை வட்டம் போடுங்க. அந்த ஒரு வாரம் காலையும் ராத்திரியும் கூடுதலா ஒரு தடவை போய்ப் பாருங்க.

கத்தலைன்னா சினைன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. ரெண்டு, மூணு மாசத்தில் டாக்டரைக் கூப்பிட்டு சினை பார்த்து உறுதி செய்யுங்க. சினை மாடு சில நேரம் பருவத்துக்கு வந்த மாதிரி கத்துவதும் உண்டு. அப்போது விவரம் சொல்லாமல் ஊசி போடச் சொன்னால் இருக்கிற சினையும் கலைந்துவிடலாம். அதனால் முன்னாடி ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் மறைக்காதீங்க.

மாடு முடியாமல் கிடந்தால் 1962-க்கு போன் போடலாம். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான நம்பர் அது.

வியாபாரி கிட்ட விலை பேசுறதுக்கு முன்னாடி, போன மூணு ஊசியும் எந்த வேளையில் போட்டதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வரலைன்னா, மாட்டை மலடுன்னு சொல்ல ஆதாரமே இல்லை. இன்னும் 21 நாள் பொறுங்க. டார்ச்சும் காலண்டரும் கையில் இருந்தா, அடிமாட்டு விலைக்குப் போக இருந்த மாடு அடுத்த வருஷம் கன்னோட நிக்கலாம்!